பொன்னாடை வேண்டாம், கயிறு கட்டுங்கள்

ஜனவரி 3, வெள்ளி
விராலிமலை இசை விழா நோட்டீஸ் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மரியசெல்வம் வாசித்துக் காட்டினார். நாகசுரம், கிராமியப் பாட்டு, நடுவில் 'பார்வையற்றோரைக் கௌரவித்தல்'. அதாவது என்னை. எனக்கு ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் ஸ்கெட்ச் பேனாவில், சுவர் விளம்பரம் மாதிரி இதை எழுதுகிறேன்.

போன வருஷம் விழாக்குழு ஆள் ஒருவரிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். பவ்யமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். படி ஏறச் சொன்னார். பாத்ரூமுக்கு இத்தனை படியா என்று நினைக்கும்போதே கைதட்டல். தோளில் பொன்னாடை. அடக்கிக்கொண்டு சிரித்தேன். போட்டோவில் என் முகம் தெய்வீகமாக இருந்ததாம்!

ஜனவரி 6
செயலாளர் முத்துராஜின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் எங்களை உட்கார வைக்காதீர்கள், மேடையில் நடப்பதை மைக்கில் சொல்லுங்கள், வாசலிலிருந்து நாற்காலிக்கும் பாத்ரூமுக்கும் கைப்பிடிக் கயிறு கட்டுங்கள் என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்? ஆள் விட்டுத் தூக்கிட்டே போகச் சொல்றேன்."

"நான் என்ன ஆவூர்த் திருவிழாச் சப்பரமா?"

கயிறு பார்க்க அசிங்கமாக இருக்குமாம். யார் பார்க்க?

ஜனவரி 7
கோவம் அடங்கலை. ஒண்ணுக்குப் போறதுக்கு ஊர்க்கூட்டமா போடணும் நான்?

ஜனவரி 10
பொன்னமராவதி செல்வராணிக்குப் போன் போட்டேன். அவளுக்கு அறவே பார்வை இல்லை, பாட்டென்றால் உயிர். "கச்சேரி அன்னைக்குக் காலையிலேருந்து தண்ணி குடிக்க மாட்டேன்க்கா. பழகிருச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஜனவரி 13
முத்துராஜிடம் மறுபடி போனேன். கயிறு இல்லையென்றால் நானும் செல்வராணியும் பொன்னாடை வாங்க மேடைக்கு வருவோம், சிறப்பு விருந்தினர் முன்னால் மைக்கைப் பிடித்து பாத்ரூம் எங்கே என்று கேட்போம் என்றேன்.

கயிற்றுச் சுருளை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை மீட்டர் வேணும் டீச்சர்?"

ஜனவரி 24
நாளைக்கு விழா. முத்துராஜ் கயிற்றைத் துணி காயப்போடும் உயரத்தில் கட்டியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நடங்கள் என்றேன். நடந்தார், நாற்காலியில் இடித்தார், இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். பாத்ரூம் திருப்பத்துக்கு அடையாளமாகப் போன வருஷப் பொன்னாடையைக் கிழித்து நானே முடிச்சுப் போட்டேன். மரியசெல்வத்துக்கு வருத்தம். பீரோவில் அழகாக மடித்து வைத்திருந்தாராம்.

ஜனவரி 25
செல்வராணி வந்ததும் வராததுமாக ஒரு சொம்புத் தண்ணீர், மேலே ஒரு டீ. "நாகசுரக்காரர் சீவாளி மாத்துறாரு, தவில்காரர் வேட்டியை இறுக்குறாரு" என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது, நாங்களும் கூடவே.

இடைவேளையில் கயிற்றைப் பிடித்துப் போனேன். கையில் ஜரிகை உரசியது, திரும்பினேன். தனியாக.

திரும்பி வரும் வழியில் மைக்கில் என் பெயர். முத்துராஜ் பொன்னாடையோடு என் காலி நாற்காலிக்கு முன்னால் நிற்கிறார் போலிருக்கிறது. டீச்சர் எங்கிட்டுப் போனாங்க என்று கேட்டார்.

செல்வராணி குரல் எனக்கே கேட்டது.

"பாத்ரூமுக்குப் போயிருக்காங்க. நீங்க பாட்டை ஆரம்பிங்க."