எட்டு விநாடி இருட்டு

சப்போரோ
2009 நவம்பர் 16

அன்புள்ள உகாய்,

நலமா? உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்தாயே, அதுவே பெரிய விஷயம். முகவரியைக் கொடுத்தது கீழே ராமென் நூடுல்ஸ் கடை அக்கா. "அவரு எனக்கு வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை போடுறாரு. நீங்கதான் பதினெட்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

நாம் நால்வர் தொடங்கிய ஸ்டுடியோவில் இப்போது நான் ஒருவன்தான். மற்ற இருவரும் வசந்தத்தில் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். மதியம் ராமென் வாங்கி வந்து உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நம் முதல் வீடியோ விளையாட்டு 'கடைசிப் படகு' கைபேசியில் மறுபடி வரப்போகிறது. முடிவில் திரையில் நம் பெயர்கள் ஓடுமே, நினைவிருக்கிறதா? நம்மை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, விற்பனை நிறுவனம் சொந்தப் பெயரைப் போடவே விடவில்லை. நான் 'முள்ளங்கி', நீ 'தூங்குமூஞ்சி'.

நீ விலகிப் போன அன்று, விளையாட்டின் மூலப்பிரதியை நகலெடுக்கும் ஆலைக்கு அனுப்பும் முன், உன் பெயரை அழித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் நீ அளந்து வைத்த இசையில் கைவைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் உன் இடத்தில் எட்டு விநாடி வெறும் இருட்டு, இசை மட்டும் ஓடுகிறது. அதைப் பெரிய கலை என்று இன்னும் ரசிகர்கள் எழுதுகிறார்கள். என் அற்பத்தனத்துக்கு இவ்வளவு பாராட்டு!

இந்த முறை உன் சொந்தப் பெயரைப் போடட்டுமா? தொலைபேசி எண் கொடு, பேசுவோம்.

மொரியா


குஷிரோ
டிசம்பர் 2

மொரியா,

கிழிக்கத்தான் நினைத்தேன். கையுறை போட்டிருந்ததால் தப்பித்தது. இங்கே கடற்பாசியை வெட்டிக் கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறேன்.

பெயர் வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம்.

அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உகாய்


சப்போரோ
2010 ஜனவரி 7

அன்புள்ள உகாய்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான். உனக்குப் புத்தாண்டு அட்டை எழுத உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது அட்டையில் அடங்கவில்லை. அதனால்தான் கடிதம்.

அன்று வாசலில் குனிந்து நீ காலணி மாட்டிக்கொண்டிருந்தாய். "எங்கடா போற? அந்தப் பெரிய கம்பெனிக்காரன் எவ்வளவு தர்றான்?" என்று கத்தினேன். "ஆமா, அப்படியே வெச்சுக்கோ" என்றாய். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பிறகு பத்து வருடம் அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு விளையாட்டையும் வாங்கிக் கடைசிவரை ஆடினேன், உன் இசை எதிலாவது இருக்கிறதா என்று. எதிலும் இல்லை. நான் நினைத்தது தப்பு என்று அப்போதே தெரியும். கேட்கத்தான் வெட்கம்.

எங்கேடா போனாய்? என்னை மன்னித்துவிடு.

மொரியா


குஷிரோ
ஜனவரி 25

அன்புள்ள மொரியா,

எங்கேயும் போகவில்லை. காது போய்க்கொண்டிருந்தது. முதலில் இடது காது, பிறகு வலது. கடைசி இரண்டு பாட்டையும் ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்துத்தான் அமைத்தேன். உங்கள் மூவருக்கும் தெரிந்தால் வெளியீட்டையே தள்ளிப்போடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. இப்போது புரிகிறதா, தொலைபேசி ஏன் வேண்டாம் என்று?

வருடத்துக்கு ஒருமுறையாவது 'கடைசிப் படகை' ஆடி முடிக்கிறேன். பெயர்கள் ஏறிப்போகும். இசை கேட்காது, ஆனால் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். இருட்டு வந்ததும் என் பெயரை வாய்விட்டுச் சொல்வேன். தூங்குமூஞ்சி என்று இல்லை, உகாய் சடாஹிரோ என்று. எனக்கே கேட்காது, தொண்டை அதிர்வது மட்டும் தெரியும். முதல் வருடங்களில் உன்மேல் இருந்த கோபத்தில் சொன்னேன். கோபம் எப்போதோ போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

நீ அங்கே என் பெயரை எழுதிவிட்டால் நான் வெறுமனே படித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த இடத்தை அப்படியே விடு. மன்னிப்பெல்லாம் எதற்கு? இதைச் செய். இங்கே வராதே. உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

உகாய்


சப்போரோ
மார்ச் 30

அன்புள்ள உகாய்,

'கடைசிப் படகு' நேற்று வெளியானது. எட்டு விநாடியைத் தொடவில்லை. கைபேசிக்கு மாற்றித் தரும் கம்பெனி ஆட்கள் அதைப் பிழை என்று திருத்தப் பார்த்தார்கள், சண்டை போட்டுக் காப்பாற்றினேன். உனக்காக நான் போட்ட முதல் சண்டை. ரொம்பத் தாமதம்.

வராதே என்றாய், வரமாட்டேன். நாளையோடு ஸ்டுடியோவை மூடுகிறேன். உன் மேசையை அக்கா கேட்டாள், கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று தனியாக உட்கார்ந்து கடைசிவரை ஆடினேன். முள்ளங்கி போனான். பிறகு இருட்டு வந்தது. உகாய் சடாஹிரோ என்று சத்தமாகச் சொன்னேன்.

காலி அறை அல்லவா, நன்றாகக் கேட்டது.

உன்
முள்ளங்கி