மலைக்குள் போன சூரியனும் மச்சினன் மிஷினும்

10 பிப்ரவரி 1991, ஞாயிறு

கடை லீவு. மனைவி மாஜிதாவைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கண்டக்டர் சில்லறை இல்லை என்றார். பையில் குலுங்குகிற சத்தம் எனக்குக் கேட்காதா? இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்துவிட்டார்.

அவள் தம்பி, என் மச்சினன் அபுதாஹிர் வீட்டில் சாப்பாடு. குவைத்தில் சண்டை வந்து, ஒற்றைப் பையோடு ஓடிவந்தவன். அங்கே நிலம் அளக்கிற கம்பெனியில் இருந்தான். இங்கே வேலை எதுவும் அமையவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் முன்னால் வைத்தான். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு இருக்கும். கையடக்கக் கம்ப்யூட்டராம், ஜப்பானாம்.

"கால்குலேட்டர்தானப்பா?" என்றேன்.

"இல்ல மச்சான். கால்குலேட்டர் கம்பெனிக்காரன் சொல்லிக்குடுத்ததைத்தான் செய்யும். இதுக்கு நாம சொல்லிக்குடுக்கலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்."

விலை நாலாயிரமாம். எங்கள் பள்ளிவாசல் ஜமாத் வாங்க வேண்டுமாம். தொழுகை நேரம், நோன்பு திறக்கிற நேரம் எல்லாம் ஊருக்குத் தகுந்தபடி சொல்லுமாம். ஜமாத்துக்குப் பொருளாளர் நான். ஓகோ, இன்றைய கறிச்சோறு இதற்குத்தானா?

12 பிப்ரவரி

நாலாயிரம்! கடிகாரக் கடைக்காரனிடம் வந்து நேரம் சொல்கிற மிஷின் விற்கிறான்.

3 மார்ச், ஞாயிறு

அபுதாஹிர் மறுபடியும் வந்தான். பழைய மேனேஜர் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாராம். வேலை தருகிறாராம். டிக்கெட்டை இவனே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். விஷயம் வெளியே வந்துவிட்டது பார். அவ்வளவு அருமையான சாமான் என்றால் எதற்கு விற்கிறான்? அவசரத்தில் விற்பவன் சொல்கிற பெருமையை எப்படி நம்புவது?

மாஜிதா கண்ணைக் காட்டியதால், "நான் தாரேன், மெதுவா குடு" என்றேன்.

"வேண்டாம் மச்சான். நீங்க குடுத்தா அது தர்மம். ஜமாத் வாங்குனா வியாபாரம்" என்றான்.

ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

18 மார்ச், திங்கள்

முதல் நோன்பு. பள்ளிவாசலுக்கு அவனும் வந்திருந்தான், மிஷினோடு. எங்கள் நோன்புக் காலண்டரில் நோன்பு திறக்க 6.20 என்று இருக்கிறது. இவன் மிஷின் 6.31 என்கிறது. சூரியன் ஆறு மணிவாக்கிலேயே ஊருக்கு மேற்கே இருக்கிற மலைக்குள் போய்விட்டது. ஊரே பார்த்தது. ஜமாத் தலைவர் பக்கீர் முகமது அண்ணன் சிரித்தார். "தம்பி, மலைக்குள்ள போன சூரியன உன் மிஷின் இழுத்துட்டு வருமா?"

பாங்கு சொல்லி எல்லோரும் நோன்பு திறந்தோம். இவன் மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பொருளாளரின் மச்சினன்!

வீட்டுக்கு வந்ததும் மாஜிதாவிடம் கத்திவிட்டேன். "குவைத்துல பொழப்பு போச்சுன்னு இங்க பள்ளிவாசல் காசுல பொழைக்கப் பாக்கான் உன் தம்பி." திரும்பினால் கஞ்சித் தூக்கோடு வாசலில் நிற்கிறான். தூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே.

19 மார்ச்

விடியுமுன் சாப்பிட, சஹருக்கு மாஜிதா எழுப்பினாள். மற்றபடி பேச்சு இல்லை.

21 மார்ச், வியாழன்

கடையில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு லேடீஸ் வாட்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தான். மிஷினை என் பக்கம் தள்ளினான்.

"நான் உள்ள ஏதோ பண்ணிட்டேன்னு நெனைக்கீங்க. வாட்ச தொறக்கீங்கள்ல, இதையும் தொறந்து பாருங்க."

நினைத்ததுதான். வித்தியாசம் வந்தால்தானே மிஷின் விலைபோகும் என்று இவனே பத்து நிமிஷத்தைக் கூட்டி வைத்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை, நோன்பு வேறு.

ஒரு பட்டனை அமுக்க அமுக்க, எழுதியிருப்பது வரிவரியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னான். பாதி புரிந்தது. நடுவில் சில வரிகள் வெறும் இங்கிலீஷ் வார்த்தைகள். "இது மிஷினுக்கு இல்ல மச்சான், படிக்கிற மனுஷனுக்கு. மிஷின் இதைத் தாண்டிப் போயிரும்" என்றான். ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு இரண்டு வரிகள் இருந்தன.

"இதுல நம்ம ஊர எடுத்துட்டு மெட்ராஸப் போடுங்க. நான் தொட மாட்டேன், நீங்களே போடுங்க."

பள்ளிக்கூட அட்லஸை வாங்கிவரச் செய்து, அதைப் பார்த்து நானே போட்டேன். செத்த நேரம் யோசித்துவிட்டு மிஷின் சொன்னது: 6.20.

நோன்புக் காலண்டர் வருஷா வருஷம் மெட்ராஸ் அத்தர் கடையிலிருந்துதான் வருகிறது. அது எல்லோருக்கும் தெரியும். கிழக்கே இருக்கிற மெட்ராஸில் சூரியன் நமக்குப் பதினோரு நிமிஷம் முந்தி மறைகிறது; காலண்டரில் இருப்பது யாருடைய நேரம் என்றுதான் யாருமே கேட்டதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் வெளியே வந்து பார்த்தால் சூரியனும் இருப்பதில்லை. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லையே, எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு!

ஆனாலும் இன்னும் முழுசாக நம்பவில்லை.

24 மார்ச், ஞாயிறு

அவனுக்குத் தெரியாமல் ஒரு பரீட்சை. மேற்கே மலை மறைக்கிறது. கிழக்கே என்ன மறைக்கிறது? ஒன்றும் இல்லை. சூரியன் உதிக்கிற நேரத்தையும் மிஷின் சொல்லுமல்லவா? வியாழனன்று நம் ஊரைத் திரும்பப் போட்டபோதே கேட்டு வைத்தேன்; இன்றைக்கு 6.22 என்று சொல்லியிருந்தது. ரேடியோவில் வாட்சைச் சரி பார்த்துக்கொண்டு, விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு கண்மாய்க்கரைக்குப் போனேன்.

6.22-க்குச் சிவப்பாக ஒரு விளிம்பு மேலே வந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மலைக்குள் போவது வேறு, மறைவது வேறு. சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இன்னும் இருக்கிறது. நாம்தான் முந்திக்கொண்டு நோன்பு திறந்திருக்கிறோம். என் மாஜிதா காய்ச்சலிலும் விடாமல் பிடித்த நோன்பு.

அந்தப் பையனைப் போய் என்னவெல்லாம் சொன்னேன்.

5 ஏப்ரல், வெள்ளி

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் 24-ம் தேதியே சொன்னேன்; கேட்டுச் சொல்கிறேன், அதுவரை பழைய நேரமே இருக்கட்டும் என்றார். அவர் மதுரையில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வந்து, இன்று ஜும்ஆ தொழுகையில் அறிவித்துவிட்டார். இன்று முதல் இந்த ஊர் நேரம். இதுவரை பிடித்த பதினெட்டு நோன்பையும் பெருநாளுக்குப் பிறகு களாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் எதிர்த்து யாரும் பேசவில்லை.

வருஷம் முழுவதற்கும் உள்ள நேரத்தை அபுதாஹிர் கேட்காமலே அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது. பிறகு நான் மிஷின் பேச்சை எடுத்தேன்.

பக்கீர் அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: "அம்புட்டையும்தான் எழுதிக் குடுத்துட்டாருல்ல தம்பி. சூரியன் வருஷா வருஷம் அதே மாதிரிதான வருது? பொறவு மிஷின் எதுக்கு?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டையாவது நடந்திருக்கும். சரியாகச் சொன்னதால் வேலை முடிந்துவிட்டது. இவன் ஒளிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் விரித்து வைத்துவிட்டான். மிஷினை விற்று டிக்கெட் வாங்கிய பிறகு எழுதிக் கொடுத்தால் போதாதா? நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவன் சிரித்துக்கொண்டே மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்குத்தான் அழுகை வந்தது.

7 ஏப்ரல், ஞாயிறு

கடைக்குக் கண்ணாடி அலமாரி செய்ய வைத்திருந்த நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். "ஜமாத்துல மறுபடியும் பேசுனோம். வாங்கிக்கிடலாம்னுட்டாக. மிஷின் எங்கிட்ட இருக்கும்" என்றேன். செத்த நேரம் என்னையே பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

நோன்பு வைத்துக்கொண்டு பொய். ஆண்டவன் மன்னிப்பான். மாஜிதா மன்னிப்பாளா தெரியாது, அலமாரி வேண்டும் என்று கேட்டவள் அவள்.

20 மே

அபுதாஹிரை பஸ் ஏற்றிவிட்டோம். மதுரை, பம்பாய், மஸ்கட். அதுவரை தன்னிடமே வைத்திருந்த மிஷினை ஜன்னல் வழியாக நீட்டி, "மச்சான், பேட்டரிய மெதுவா மாத்துங்க. எழுதுனது அழிஞ்சிரப்போகுது. மாத்துனதும் கடைசி வரிவரைக்கும் பாத்துக்கிடுங்க" என்றான்.

கடிகாரக்காரனுக்கு பேட்டரி மாற்றச் சொல்லிக்கொடுக்கிறான்.

2 ஆகஸ்ட்

மிஷினால் கடைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலாயிரம் பெறுமா? பெறாது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

5 செப்டம்பர், வியாழன்

கடைசிக் களா நோன்பு இன்று. மாஜிதாவும் பிடித்திருக்கிறாள்.

மதியம் மிஷினில் எழுத்து மங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பேட்டரியை மாற்றினேன். ஏதாவது அழிந்திருக்குமோ என்று முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் இருந்தது. மார்ச்சில் முடிந்த இடத்துக்குப் பிறகும் பட்டனை அமுக்கினேன். அங்கே முன்னால் இல்லாத ஒரு வரி. மிஷின் தாண்டிப் போய்விடும் என்றானே, அந்த மாதிரி வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"மச்சான் தொறந்து பாப்பீங்கன்னு தெரியும். இது உங்க காசுன்னும் தெரியும்."

அப்படியானால் ஏழாம் தேதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். அவன் வீட்டில் உட்கார்ந்து நான் சொன்ன பொய்யை, எனக்காக நம்பின மாதிரி இருந்திருக்கிறான்.

மாஜிதாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எந் தம்பி உங்களச் சரியாத்தான் எடை போட்டு வச்சிருக்கான்."

சாயங்காலம் கஞ்சியை ஊற்றி வைத்தாள். சூரியன் மலைக்குள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. பழக்கத்தில் அவள் கை பேரீச்சம்பழத்துக்குப் போனது.

"செத்த இரு. இன்னும் நேரம் ஆகல" என்றேன்.

மிஷின் 6.27 என்றது. ரேடியோவைப் போட்டு வாட்சைச் சரி பார்க்க எழுந்தவன், மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். இன்று எதையும் எதனோடும் ஒத்துப் பார்க்கவில்லை. அவன் சொன்ன நேரத்துக்கு நோன்பு திறந்தோம்.