புறம்பானவர்களுக்குச் சொல்லும் வார்த்தை

அடையாறு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள எமி அக்காவுக்கு,

கெத்சி எழுதுவது. இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார்த்தாயா? கைப் பழக்கத்தில் முதலில் ஸ்தோத்திரம் என்று எழுத வந்தது. நிறுத்திக்கொண்டு வணக்கம் என்று எழுதினேன். தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல இருந்தது, அடித்துவிட்டேன். இப்போதைக்கு, நலம், நலமறிய ஆவல். நலம் என்பதும் முழு உண்மை இல்லை.

பதில் போடுவதானால் வீட்டுக்குப் போடாதே. உறையின் பின்னால் இருப்பது என் வகுப்புத் தோழி நிலாவின் விலாசம். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருக்கிறாள். அவள் அம்மா சுலோச்சனா மீன் விற்கிறார். "இன்னா பாப்பா, கூடப் பொறந்த அக்காவுக்கு லெட்டர் போட அடுத்த வூட்டு அட்ரஸா? இன்னா, கொல கில பண்ணிட்டாளா அவ?" என்று கேட்டார். எங்கள் சபையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். விசுவாசிகளுக்கு ஸ்தோத்திரம் சொல்வோம், வெளியாருக்கு வணக்கம். சபையை விட்டுப் போனவர்களைப் 'புறம்பானவர்கள்' என்போம். சொந்தப் பிள்ளையே ஆனாலும் அவர்களுக்கு வணக்கம்தான், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்றேன். அவர் மீனுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, "எங்க சாதி சனத்துலயும் பேச மாட்டாங்கதான். ஆனா அதுக்கு மொதல்ல சண்ட போட்டிருக்கணுமே" என்றார்.

உண்மையாகவே நீ யாரோடும் சண்டை போடவில்லை. புனேவுக்கு வேலைக்குப் போனதற்காகவோ காது குத்திக்கொண்டதற்காகவோ உன்னைப் புறம்பாக்கவில்லை. சும்மா வராமல் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வழியில் பார்த்தால் அவர்களுக்கெல்லாம் ஸ்தோத்திரம் உண்டு. நீதான் சபையை நடத்தும் மூப்பர் அய்யாதுரை ஐயாவிடம் நேரில் போய், இனி வர மாட்டேன் என்று சொன்னாய். மறைக்காமல் சொன்னவளுக்குத்தான் தண்டனை. இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இப்போது பாண்டி பஜார் விஷயம். ஆபீஸ் வேலையாகச் சென்னைக்கு வந்ததை நீ எங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் என் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைத் துணி எடுக்க அம்மா அதே நடைபாதையில் வருவாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? அம்மா உன் கையைப் பிடித்து "ஸ்தோத்திரம்மா" என்றாள். நீயும் சொன்னாய். அழுதாய், ஆட்டோ ஏறினாய். பின்னால் துணிப் பையோடு நம் சபை ஜெயசீலி ஆன்ட்டி வந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

இன்று ஆராதனை முடிந்ததும் மூப்பர் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவே இல்லை. வாய் தவறி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சகோதரி என்றார். எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாய் தவறல, ஐயா. எம் பொண்ணைப் பார்த்தேன், சொன்னேன்" என்றாள்.

அவ்வளவுதான். அம்மாவும் புறம்பு. கடைசி வரிசையில் உட்காரலாம், ஆனால் திருவிருந்தில் எல்லோருக்கும் வரும் அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகும்.

வீட்டில் நாம் சாப்பிட உட்காரும் நீளப் பாய் ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் அப்பா பரணிலிருந்து இன்னொரு பாயை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருக்கும். அம்மா பழைய பாயில், அப்பா புதிய பாயில். குழம்புச் சட்டி நடுவில், இரண்டு பாயின் மேலும் உட்கார்ந்திருந்தது. நான் இன்னும் ஞானஸ்நானம் எடுக்காததால் எந்தப் பாயிலும் உட்காரலாம். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஸ்தோத்திரமும் சொல்ல முடியாமல் வணக்கமும் சொல்ல மனம் வராமல், அப்பா அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். "கெத்சி, மோர் இருக்கான்னு கேளு" என்கிறார். அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அன்புடன்,
கெத்சி


அடையாறு,
வியாழன்.

அன்புள்ள அக்கா,

பதினொரு நாள் கழித்து உன் கடிதம் கிடைத்தது. நிலா பள்ளிக்கூடப் பேருந்தில் கொடுத்தாள். உறையில் லேசாக வஞ்சிர வாடை. "எங்க ஊட்ல ஒரு நாள் தங்கினா எல்லாத்துக்கும் சென்ட்டு ஃப்ரீ" என்றாள். சாந்தோம் நிறுத்தம் வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன்.

இங்கே நிலைமை இன்னும் இறுகிவிட்டது. மூப்பர் இந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் பேசினார், ஆனால் பேச்சு எனக்குத்தான். வருகிற ஞாயிறு அதிகாலை கடலில் எனக்கு ஞானஸ்நானம். தண்ணீரில் இறங்கியதும் எல்லோரையும் கேட்கும் கேள்வியை என்னையும் கேட்பார்: "புறம்பானவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லாமலும், அவர்களோடு பந்தியிராமலும் இருப்பாயா?" நான் "இருப்பேன்" என்று திடமாகச் சொன்னால், அந்தச் சாட்சியைப் பார்த்து அம்மாவின் காரியத்தைச் சபை மறந்துவிடும். அம்மா எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். "பாப்பா சின்னப் புள்ள. ஆனா ஒரு வீட்டை ஒட்டவைக்க கர்த்தர் சின்னப் புள்ளையையும் எடுப்பார்" என்று என் தலையில் கை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அவர் மிக்சி ரிப்பேர் கடைக்குப் போகிறார், வருகிறார். கடையில் ஒரு குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்றே தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம் பெரியப்பா, தம்பி செத்தான் என்று சொல்லிவிட்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு அப்பாவுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது, கடை வைக்க உதவியது, பெண் பார்த்தது எல்லாம் மூப்பர்தான். சபை போனால் அப்பாவுக்கு இரண்டாம் தடவையாக எல்லோரும் போய்விடுவார்கள். நீ போனில் கூப்பிட்ட அன்று அவர் "வணக்கம்" என்று சொல்லி வைத்தாரே, அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மூப்பர் வந்து பேசியது உனக்குத் தெரியாது, ஆனாலும் தண்ணீரில் என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதியிருக்கிறாய்: "சொல்லிவிடு, கெத்சி. அம்மாவுக்காகச் சொல்லிவிடு. நான் தப்பாக நினைக்க மாட்டேன்." அந்த வரியில் பேனா அழுத்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. தப்பாக நினைக்காதவர்கள் அப்படி அழுத்தி எழுத மாட்டார்கள்.

நிலா ஒரு வழி சொன்னாள். "லூசு, வாயால சொல்லு, மனசுல வேற நெனச்சுக்கோ. தண்ணிக்குள்ள எவனுக்குத் தெரியப் போகுது?" நானும் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு யோசித்தேன். "சொல்லாமல் இருப்பாயா?" என்றால் "இருப்பேன்" என்பது பதில். ஆனால் "இருப்பேன்" என்பதை மட்டும் தனியாக எடுத்தால், அக்காவோடு இருப்பேன் என்றும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இலக்கணப்படி பொய் ஆகாது. கண்டுபிடித்ததும் குதித்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. நீ மூப்பரிடம் நேரில் போய்ச் சொன்னவள். உன் தங்கை ஒரு வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்வதா?

அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எனக்காகன்னு எதையும் பண்ணாத. அப்புறம் காலத்துக்கும் என் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் உனக்கு அதுதான் தோணும்" என்றாள். அப்பா வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் மூன்று நாள். எனக்காக வேண்டிக்கொள். நீ இப்போது வேண்டிக்கொள்கிறாயா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் சும்மா நினைத்துக்கொள், அதுவும் போதும்.

உன்,
கெத்சி


அடையாறு,
ஞாயிறு, பிற்பகல்.

என் எமி அக்காவுக்கு,

முதலில் பதறாதே. எல்லோரும் உயிரோடு, உடம்போடு நன்றாக இருக்கிறோம்.

விடிகிற நேரம் கடற்கரைக்குப் போனோம். குப்பத்துப் படகுகள் இரண்டு அப்போதுதான் கரை ஏறியிருந்தன. நிலாவும் அவள் அம்மாவும் வலை ஓரமாக நின்று பார்த்தார்கள். சபையார் வெள்ளையாக வரிசையில் நின்று பாடினார்கள். அம்மா எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்றாள். அப்பா என் தலை துவட்டத் துண்டோடு முன்னால் நின்றார். ஞானஸ்நானம் எடுத்தவருக்கு வீட்டுத் தலைவர்தானே துண்டு போர்த்த வேண்டும்.

இடுப்பளவு தண்ணீர். மூப்பர் என் தோளைப் பிடித்துக் கேள்வியைக் கேட்டார். ராத்திரி முழுதும் இருப்பேன், மாட்டேன் என்று இரண்டு பதிலையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் வாய் திறந்தபோது இரண்டுமே வரவில்லை. வேறொன்று வந்தது. "ஐயா, இன்னிக்கு அம்மாவும் புறம்புதானே?" என்று கேட்டேன்.

அவர், அது அப்புறம் சரியாகிவிடும் பாப்பா என்றார்.

"இப்ப சரியாகலையே, ஐயா. இப்ப இருப்பேன்னு சொன்னா, கரை ஏறினதும் அம்மாவுக்கு நான் வணக்கம் சொல்லணும். அம்மாவோட சாப்பிடக் கூடாது. அக்காவைப் பத்தித்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். அம்மாவைப் பத்தியும் கேக்கறீங்க."

சத்தியமாக எதிர்த்துப் பேசவேண்டும் என்று கேட்கவில்லை, அக்கா. எனக்கு அப்போதுதான் அது புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் முகம் மாறிற்று. ஒரு அலை வந்து இருவரையும் தள்ளியது, அவர்தான் என்னை விழாமல் பிடித்துக்கொண்டார். கரையில் பாட்டு நின்றுவிட்டது. "இருப்பேன்னு சொல்லு, பாப்பா" என்று மெதுவாகச் சொன்னார். கெஞ்சுவதுபோல இருந்தது. நான் "முடியல, ஐயா" என்று சொல்லிவிட்டு, திரும்பி நடந்தேன். முங்காமலே.

ஜெயசீலி ஆன்ட்டி "ஐயோ, ஐயோ" என்றார். ஈரப் பாவாடை காலைச் சுற்றி இழுத்தது. அப்பாவுக்கு நேராகத்தான் போனேன், அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சபையார் வரிசையைத் தாண்டிப் பின்னால் நடந்துபோய், துண்டை அம்மாவிடம் நீட்டினார். நீட்டினார், அவ்வளவுதான். அம்மா வாங்கிக்கொண்டு வந்து எனக்குத் துவட்டினாள்.

"பொண்ணு நனஞ்சு நடுங்குது, எல்லாரும் செலயாட்டம் நிக்கிறீங்களே" என்று சுலோச்சனா அம்மா சத்தம் போட்டு, ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுதும் குடித்தேன்.

இனி என்ன ஆகும் என்று தெரியாது. சாயங்காலம் அப்பாவைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அவரிடமும் கடலில் என்னைக் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர் என்ன சொல்வார் என்றுதான் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒட்டவைக்க வேண்டிய வீட்டை உடைத்துவிட்டேனோ என்று அம்மாவிடம் கேட்டேன். சோறு வடிக்கிற நேரத்தில் கேள்வி கேட்காதே என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பா இரண்டு பாயையும் விரித்தார். அவற்றை அவர் ஒன்றாகச் சேர்க்கவில்லை. என் மனம் விட்டுப்போயிற்று. ஆனால் புதிய பாயில் உட்கார்ந்தவர் பாதிச் சாப்பாட்டில், என்னைக் கூப்பிடாமல், அம்மாவைப் பார்த்து, "உப்பு கம்மி" என்றார். அம்மா உப்பு ஜாடியை நகர்த்தினாள்.

இதை எழுதும்போது அவர் கிளம்புவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். மறைக்க நேரமில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. அக்காவுக்கா என்றார். ஆமாம் என்றேன். நீ மெலிந்திருந்தாயா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். அம்மா உள்ளேயிருந்து, "மெலியல, நல்லாத்தான் இருந்தா" என்றாள். அவர் தலையாட்டினார். போகாமல் அங்கேயே நின்றார்.

"உங்க பேர்ல வணக்கம்னு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, "வணக்கம் வேணாம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஒன்றுமே எழுத வேண்டாம் என்று சொன்னாரா, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் திரும்பி வந்து வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் இந்த உறையை ஒட்டிவிடுகிறேன்.

உனக்கு விடுமுறை கிடைத்தால் வா, அக்கா. எங்களிடம் மூன்றாவது பாய் கிடையாது. இருக்கிற இரண்டில் ஒன்றில்தான் நீ உட்கார வேண்டியிருக்கும்.

அம்மாவும், நானும், நான் புரிந்துகொண்டது சரியானால் அப்பாவும் சொல்வது:

ஸ்தோத்திரம்.

உன் தங்கை,
கெத்சியாள்