அம்மா பார்த்த தெருவிளக்கு

வியாழன் இரவு

இன்று நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றாமல் அப்படியே எழுதப்போகிறேன்.

நாடே பேசிய கொலை வழக்கில் அம்மாவும் ஒரு ஜூரர், தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட பொதுமக்களில் ஒருவர். போன மாதம் எல்லா ஜூரர்களும் குற்றஞ்சாட்டப்பட்டவனைக் குற்றவாளி என்றார்கள். இன்று மாலைச் செய்தியில் அவனுடைய வக்கீல் மேல்முறையீடு செய்வதாகச் சொன்னார். காரணம், விசாரணை நடந்தபோதே ஒரு ஜூரர் சம்பவ இடத்துக்குப் போனாராம்.

போனது அம்மா. கூடப் போனது நான். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைக் கண்டதாகச் சாட்சி சொன்னது சரியா என்று பார்க்க, பிளாக்ஹவுஸ் பேயில் அந்த விளக்கின் கீழ் என்னை நிறுத்திவிட்டு, அம்மா, சாட்சி நின்ற எதிர்ப்பக்க டெய்ரிக் கடை வாசலில் நின்று பார்த்தார்.

செய்தி முடிந்ததும் கேட்டேன்.

"போகக்கூடாதெண்டு ஜட்ஜ் சொன்னவர்தானே, அம்மா?"

"ஓம். ஆனா ஒருத்தன்ர வாழ்க்கையடி. பார்க்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப கோர்ட்டில போய்ச் சொல்லுங்கோ."

"வந்திட்டா பெரிய ஜட்ஜ். போய்ப் படு."

எரிச்சல் அடங்கவில்லை. அன்று அம்மா, "உன்ர முகம் வடிவாத் தெரியுது!" என்று கத்தியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சாட்சி பார்த்தது முன்பின் தெரியாத ஒருவனை. என்னை அம்மா எந்த இருட்டிலும் கண்டுபிடிப்பார்.

இதைச் சொல்லப் போனேன். அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. நான் தட்டுவதற்குள் அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.