அப்பா ஐந்தாம் மாடியில் என்ன பேசினார்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதற்குப் பதிலை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிட்டாய். காலையில் கண் விழித்தால் வேலைக்குப் போகவே மனசு வரவில்லை, கூட வேலை செய்கிறவர் ஒரு சைக்காலஜிஸ்ட் நம்பர் கொடுத்திருக்கிறார், போவதா வேண்டாமா என்று கேட்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க போய் அழுதுட்டா என்னம்மா பண்றது" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏனென்றால் அப்பா போன வருஷம் அப்படி ஒருவரிடம் ஏழு மாதம் போய்வந்தார். தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று உன்னிடம் மறைத்துவிட்டோம். "எல்லாத்தையும் எழுது, நான் அழுததை மட்டும் எழுதாத" என்றார். இதோ, முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

அப்பாவோடு இருபத்திரண்டு வருஷமாக ஜோடியாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்த நெட்டை மாமா கால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே லிஃப்ட்டை இயக்குகிற மோட்டார் அறையில் இருந்தவர் அப்பா. விசாரணையில் யார் மேலும் தப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மாமாவும் அப்படியேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அப்பா எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போனார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றார். நானும் நம்பினேன், தொப்பை குறைந்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். நாலு மாதம் கழித்து ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வேலை நடக்கிற இடத்துக்குப் போனால், மூன்றாவது மாடிப் படியில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. "மூச்சு வாங்குது, அதான் உக்காந்தேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான், "உள்ள கால் வைக்க முடியலடி" என்றார். லிஃப்ட் பார்த்துப் பிழைக்கிற மனுஷன்.

முதலில் நம் டாக்டரிடம்தான் போனோம். இதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, ஒரு உளவியலாளரைப் பாருங்கள் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றதால் தனியாகப் பார்க்கிறவர்களைத் தேடினோம். பள்ளி ஆபீசில் முப்பது வருஷமாகச் சான்றிதழ் சரிபார்க்கிறவள் நான், சும்மா விடுவேனா. மூன்று பேருக்குப் போன் போட்டேன். முதல் ஆள் என்ன படித்தார் என்று கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை, "பத்தே தடவையில சரி பண்ணித் தரேன், கேரண்டி" என்றார். மனசுக்குக் கேரண்டி கொடுக்கிற ஆளிடம் போகக் கூடாது என்று அவர் பெயரை அடித்துவிட்டேன். இரண்டாவது ஆள் தான் குழந்தைகளைத்தான் பார்ப்பதாகச் சொல்லி அவராகவே இன்னொருவர் நம்பரைக் கொடுத்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார் பார், அவர்மேல் எனக்கு மரியாதை. மூன்றாவதாகப் பேசியவர் ஒரு அம்மா. படிப்பு, பதிவு எண், விபத்துக்குப் பிறகு வருகிற பயத்துக்கு என்ன மாதிரிச் செய்வார், ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், வர முடியாவிட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பதிவு எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது. மாத்திரை தருவீர்களா என்றேன். அது மனநல மருத்துவர் வேலை, தேவைப்பட்டால் அங்கே அனுப்புவேன் என்றார். கடைசியாக, அவர் என்ன பேசினார் என்று எனக்குச் சொல்வீர்கள்தானே என்று கேட்டேன். "சொல்ல மாட்டேங்க. யாரோட உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லித்தான் ஆகணும், அதையும் முதல் நாளே அவர்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தாலி கட்டினவர் பேசுவதை எனக்கே சொல்ல மாட்டாளாம். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும்தான் அப்பா "இவங்ககிட்டயே போலாம்" என்றார். ஆபீஸ் ஐந்தாவது மாடி என்றேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்த அறையை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். நாம் நினைக்கிற மாதிரிப் படுக்க வைத்துப் பேசுவதில்லை. இரண்டு நாற்காலி, நேருக்கு நேராக இல்லை, கொஞ்சம் கோணலாக, முகத்தைப் பார்க்க விருப்பமில்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம். கை எட்டுகிற தூரத்தில் முகம் துடைக்கிற காகிதப் பெட்டி, பாதி காலி. நீ கேட்ட கேள்விக்கு அந்தப் பெட்டிதான் பதில், உனக்கு முன்னால் எத்தனையோ பேர் அங்கே அழுதிருக்கிறார்கள். வெளியே நான் உட்கார்கிற இடத்தில் ஒரு சின்ன மெஷின் மழை பெய்கிற மாதிரி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்கத்தான். நான் ஒட்டுக் கேட்கவில்லை, கதவுப் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்றால், "சும்மா பேசிட்டு இருந்தோம்" என்பார். ஐம்பது நிமிஷம் சும்மா பேசுகிற மனுஷனா அவர், வீட்டில் ஐந்து நிமிஷம் பேசினால் அதிசயம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மூன்றாவது தடவை போய்வந்ததும் அப்பாவுக்கு அதிகமாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். போதும், நிறுத்துவோம் என்று நான் அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். மூடி வைத்ததைத் திறக்கும்போது சிலருக்கு அப்படி ஆவது உண்டு, அவரே வந்து தன்னிடம் சொல்லட்டும் என்றார். அப்பாவும் போய், நீங்கள் வேகமாகப் போகிறீர்கள், எனக்குத் தாங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். வேகத்தைக் குறைத்தார்கள். அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நாலைந்து தடவை போயும் நீ பார்க்கிற ஆளோடு உனக்கு ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கவும் தயங்காதே, அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராதாம்.

வீட்டுப்பாடமும் உண்டு. திறந்த லிஃப்ட் முன்னால் நின்று, உள்ளே போகாமல், பயம் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். அப்பா ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினார். ஒன்பது, ஒன்பது, எட்டு, மறுபடி ஒன்பது. அது நாலுக்கு இறங்கியபோது நெட்டை மாமாவைத் தானே போய்க் கூப்பிட்டார். மாமா கைத்தடி ஊன்றிக்கொண்டு அந்த அம்மா ஆபீஸ் இருக்கிற கட்டடத்துக்கு வந்து, நாலாவது மாடியில் லிஃப்ட்டுக்குள் நுழைந்து, "நீ வரலன்னா நான் ஒத்தையா மாட்டிக்குவேன், வாடா" என்றார். அப்பா கால் வைத்தார். கதவு மூடியது. நான் படியில் ஓடினேன், முட்டி வலி எல்லாம் மறந்து போனது. ஐந்தாம் மாடிக்கு வந்து பார்த்தால் அப்பா குனிந்து கைக்குட்டையால் கதவு ஓடுகிற தடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "இது உரசுது, ரோலர மாத்தணும்" என்றார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இப்போதும் லிஃப்ட்டின் தலைமேல் ஏறுவதில்லை, சோதனை வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதும் என்கிறார்.

நீ போ. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று இல்லை, முதல் சந்திப்பு அவர் உன்னைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, நீ அவரைப் பார்ப்பதற்கும்தான். நம் பாஷையில் பேசுகிற ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது, கோபமும் அழுகையும் தாய்மொழியில்தான் தடையில்லாமல் வரும். ஆனால் ஒன்று, செத்துப் போகலாம் என்கிற மாதிரி எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் அடுத்த சந்திப்பு வரட்டும் என்று காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, அப்புறம் எங்களைக் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

அங்கே என்னைப் பற்றியும் பேசுவாய். நீ பத்தாவது படிக்கும்போது நான் உன் நோட்டைக் கிழித்ததைச் சொல்லுவாய் என்று நினைக்கிறேன். சொல்லு. நான் என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன், கேட்டாலும் நீ "சும்மா பேசிட்டு இருந்தோம்" என்று சொல்லிவிடு. நீயும் அப்பாவும் நல்லா இருக்க வேண்டும், மனசு லேசாகி ஒருநாளாவது அலாரம் அடிக்குமுன் நீயாக எழுந்திருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்றை மட்டும் எழுது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகிறாய் என்று. அந்த ஒரு மணி நேரம் நான் உனக்குப் போன் செய்யாமல் இருப்பேன்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே உட்கார்ந்து பழகிவிட்ட
உன் அம்மா