ஒன்பதாம் எண் மரம்

அக்டோபர் 14
மீசை இரண்டு பை நிறைய விதையோடு வந்தான். காட்டுக் காவலாளி. மீசையே கிடையாது, அதனால்தான் அந்தப் பேர். "இந்த வருஷம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது சார்." எண்ணி ஊன்றினோம். 412.

இந்த மழைக்காட்டில் பைன் சாதி என்று இருப்பது இந்த ஒரு மரவகைதான். பெரியது மொத்தம் பதினேழு. அடியில் கன்று என்று தேடினால் ஆறே ஆறு. மான் விட்டதை நிழல் விடாது. அதற்குத்தான் நாற்றங்கால். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் நூறு கன்றாவது காட்டில் நட்டுவிடணும்.

வீட்டுக்கு வரும்போது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. "எனக்குச் சக்களத்தி ஒரு மரம்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றாள் மனைவி.

நவம்பர் 29
போன வருஷம் இந்நேரம் பாதி முளைத்துவிட்டது. இன்று வெறும் மண். தண்ணீர் கூடிப்போச்சோ? மீசையைத் திட்டினேன். பாவம்.

டிசம்பர் 20
ஒன்றுமில்லை.

ஜனவரி 6
பத்து விதையைத் தோண்டி பிளேடால் பிளந்தேன். அத்தனையும் பொக்கு. இன்னும் பத்து. பொக்கு. அப்புறம் வெறி பிடித்த மாதிரி எல்லாவற்றையும். ஒன்றிலாவது பருப்பு இருக்கணுமே. இல்லை.

இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால்தான் விதைக்குள் உயிர். ஆண்தான் நாலு நிற்கிறதே?

பதிவேட்டைப் புரட்டினேன். காய்க்காத மரம் ஐந்து. ஐந்துக்கும் நேரே "ஆண்" என்று என் கையெழுத்து. போன ஜனவரியில் காவல் கோபுரம் கட்ட ஒன்பதாம் எண்ணை வெட்டக் கேட்டார்கள். "ஆண் மரம் இன்னும் நாலு உள்ளது. பாதிப்பில்லை." அதுவும் நான் எழுதியதுதான். அந்த வாரமே வெட்டிவிட்டார்கள்.

பூவைப் பார்த்தா எழுதினேன்? பூப்பது மார்ச்சில் பத்தே நாள், அதுவும் உச்சியில். காய் இல்லை, ஆகவே ஆண். அடப்பாவி, இதுக்குப் பேர் ஆராய்ச்சியா?

ஜனவரி 7
மீசையிடம் கேட்டேன். "ஒன்பதுக்கு அடியில மட்டும்தான் சார் மஞ்சப் பொடி கொட்டும். சட்டையெல்லாம் ஆயிடும். மத்த நாலும் நோஞ்சான், சும்மா நிக்கும்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

பத்து வருஷமா கூடவே நடந்தவன். ஒரு வார்த்தை கேக்கலையே நான்.

ஜனவரி 15
தவறு என்னுடையது என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "விடுங்க சார். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு வம்பு? ஒரு மரம்தானே."

வேறு மலையிலிருந்து ஆண் மரத்துக் கிளை கொண்டுவந்து ஒட்டுக் கட்டலாமே என்றேன். அங்கே எது ஆண் என்று யாரும் கணக்கெடுக்கவே இல்லையாம். கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11
பத்தாவது நாளாகக் கோபுரம் ஏறினேன். படியெல்லாம் ஒன்பதாம் எண்ணின் பலகை. கால் வைக்கவே கூசுகிறது. பைனாகுலரில் பதினேழையும் கிளை கிளையாகப் பார்த்தேன். ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

இன்று மனைவியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளைப் பார்த்ததும் அழுதுட்டேன்.

"அந்த ஆறு கன்னு இருக்குல்ல?" என்றாள். அவை ஒன்பது இருந்த காலத்தில் விழுந்த விதை.

"அது ஆணா பொண்ணான்னு தெரியவே முப்பது வருஷம் ஆகும்டி."

அவள் முந்தானையால் பைனாகுலரைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

ஏப்ரல் 2
ஆறு கன்றைச் சுற்றிப் போட்ட வேலியைத் தாண்டி மான் புகுந்திருக்கிறது. இரண்டு போச்சு.

ஏப்ரல் 30
கடைசி நாள். புதிதாக வந்தவரிடம் பதிவேட்டைக் கொடுக்குமுன் அந்த நாலு "ஆண்"களையும் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்:

கன்று நாலு. ஆணா, பெண்ணா — தெரியாது. மீசையைக் கேட்கவும்.