அட்டையில் இருக்கும் மூக்கு

ஹா ந்த்சேக்கே, லெசோத்தோ
22 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அண்ணன் மோக்கெத்தேவுக்கு,

நாங்கள் நலம். உட்கார்ந்துகொண்டு படி. நேற்று நீ ஒரு கோல் அடித்தாய்.

நீ சுரங்க வேலைக்குப் பஸ் ஏறினாய். அதற்கு முந்தின நாளே கால்பந்து லீகில் பேர் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது. உன் பேர் உள்ளே, நீ வெளியே. நான் உள்ளூரில், என் பேர் வெளியே. கோச் செலேபே உன் அடையாள அட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "உங்க ரெண்டு பேர் மூக்கும் ஒரே அச்சுடா. ரெஃபரி பேர் கூப்பிட்டா 'ஐயா'ன்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத" என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்தது பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

நீ இடதுகால்காரன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் என் வலது காலுக்கு லீவு கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நகல்

வெல்கம், தென்னாப்பிரிக்கா
26 செப்டம்பர் 1993

பாவிப் பயலே பொகாங்,

நேற்று ரேடியோவில் நான் கோல் அடித்ததைக் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். அறையில் இருந்த எட்டுப் பேரும் அவரவர் கட்டிலில் இருந்தே கை தட்டினார்கள். "யோவ், நீ எப்பய்யா எழுந்து போய்ட்டு வந்த?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிறார்.

உடனே நிறுத்து. மாட்டினால் ஊர் மானம் போகும். ஆனால் போலீஸ் அணியோடு மட்டும் ஆடிவிட்டு நிறுத்து. போன வருஷம் அவர்கள் என் முட்டியை மிதித்ததை நான் மறக்கவில்லை.

அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
அசல்

ஹா ந்த்சேக்கே
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அசலுக்கு,

போலீஸ் அணிக்கு இரண்டு கோல். போலீஸ்காரர்கள் கண்ணெதிரே ஆள்மாறாட்டம் செய்துவிட்டு, அவர்களோடே கையும் குலுக்கிவிட்டு வந்தேன். அடுத்தது சிறைக்காவலர் அணி. "மாட்டினா வண்டிச் செலவு மிச்சம்டா, அங்கயே இருந்துக்கலாம்" என்றார் கோச். அவர்களுக்கும் ஒன்று போட்டேன்.

முதல் முறையாக லீக் பட்டியலில் நாம் முதலிடம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி நம் திடலில் ராணுவ அணியோடு கடைசி ஆட்டம். டிரா செய்தாலே கோப்பை.

கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுச் சுரங்கக்காரர்களும் வந்தார்கள், நீ வரவில்லை. நீ இருக்கும் ஊர் பேர்தான் வெல்கம், ஆனால் போனவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்களா? அம்மா உன் தட்டில் சோளக்களி வைத்துவிட்டு, பிறகு எடுத்து என் தட்டில் போட்டாள்.

இப்போது விஷயம். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு உன்னைக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே இந்த நகல் செல்லாது. நீ வா. ஏப்ரலில் ஜெர்சியை உன்னிடம் கழற்றிக் கொடுத்துவிடுவேன். முதல் நாளிலிருந்து என் திட்டம் அதுதான், உன் இடத்தைச் சூடு ஆறாமல் வைத்திருப்பது. உன் பூட்ஸுக்கு ஞாயிறுதோறும் எண்ணெய் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஏப்ரல் வரை நீ

வெல்கம்
27 மார்ச் 1994

தம்பி,

செப்டம்பரில் சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் ரேடியோ கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில். இப்போது மரக்கால் பழகுகிறேன்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நானே வந்து சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிறுத்து என்று எழுதினேனே, அதை மறந்துவிடு. ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆடு. இன்னும் ஒரு தடவை நான் ஓடுவதைக் கேட்க வேண்டும்.

மோக்கெத்தே

ஹா ந்த்சேக்கே
17 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் ஆட்டத்தன்று காலையில்தான் வந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு உன் பூட்ஸை மாட்டிக்கொண்டேன். ஆடுவதாகத்தான் போனேன், நம்பு.

வரிசையில் நின்றோம். ரெஃபரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "மோக்கெத்தே மொக்கொனே" என்று கூப்பிட்டார். இருபத்தைந்து ஆட்டங்களில் நான் சொன்ன ஒரே வார்த்தை 'ஐயா'. அது வாயில் வரவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். "டேய், சொல்லுடா" என்று கோச் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார்.

"அவர் வரலைங்கய்யா. வெல்கம்ல இருக்கார். அவருக்கு இடது கால் இல்ல" என்றேன்.

ஆட்டம் பார்க்க வந்த ராணுவக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த அம்மா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இருந்தது எனக்குத் தெரியாது அண்ணா. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஆட்டம் நடக்கவில்லை. எல்லாப் புள்ளிகளும் போய், பட்டியலில் கடைசி இடம். கோச்சுக்கு ஐந்து வருஷம் தடை. கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று கோச் நம் வீட்டு வாசல் வரை வந்து, "உன்னை அடிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

நீ கேட்ட அந்த ஒன்றையும் செய்யாமல் விட்டேன். அன்று ரேடியோவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று நினைக்காமல் தூங்க முடியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறாள். நானும் வரலாமா என்று தெரியவில்லை. நீ சொல்.

வலது காலின் லீவை முடித்துவிட்டேன். ஆனாலும் பந்து வந்தால் இடது கால்தான் முந்திக்கொண்டு போகிறது. அதை நிறுத்தச் சொல்லாதே.

உன் தம்பி,
பொகாங்